ஒலிநாடாவில் மிஞ்சிய இரவுகள்

1968இல் சான் பிரான்சிஸ்கோவைச் சேர்ந்த ஒரு ரொக் இசைக்குழு ‘டார்க் ஸ்டார்’ என்ற பாட்டைச் சின்ன இசைத்தட்டாக வெளியிட்டது. மூன்று நிமிடம்கூட ஓடாத பாட்டு. யாரும் பெரிசாகக் கண்டுகொள்ளவில்லை. அடுத்த வருடம் அதே குழு அதே பாட்டை மேடையில் வாசித்த பதிவொன்றை ‘லைவ்/டெட்’ என்ற இசைத்தட்டில் சேர்த்தது. அது 23 நிமிடம் ஓடியது. பாட்டின் வரிகள் இடையில் வந்து போகின்றன. மிச்சமெல்லாம் கிற்றாரும் பேஸும் ட்ரம்ஸும் ஒன்றையொன்று தேடிக்கொண்டு போகிற பயணம்தான்.

சரி, இதில் எது அசல் ‘டார்க் ஸ்டார்’?

கிரேட்புல் டெட் ரசிகர் ஒருவரிடம் இதைக் கேட்டுப் பாருங்கள். இரண்டையும் தள்ளிவைத்துவிட்டு “1972 ஓகஸ்ட் 27” என்பார். பக்கத்தில் இருப்பவர் “அதெல்லாம் இல்லை, 1969 பெப்ரவரி 27தான்” என்பார். மற்ற இசைக்குழுக்களின் ரசிகர்கள் இசைத்தட்டுகளின் பெயரைச் சொல்லிச் சண்டை பிடிப்பார்கள். இவர்கள் சண்டை பிடிப்பது திகதிகளை வைத்து. வரலாற்றுப் பாடத்தில் திகதி மனப்பாடம் செய்யச் சொன்னால் ஓடி ஒளிந்த எங்களுக்கு இது முதலில் வேடிக்கையாகத்தான் இருந்தது.

நாங்கள் இந்தக் குழுவை நேரில் பார்த்ததில்லை. எங்களில் கன பேர் பிறக்க முதலே அதன் தலைவர் மாதிரி இருந்த ஜெரி கார்சியா இறந்துவிட்டார். எங்களுக்குத் தெரிந்த கிரேட்புல் டெட், யாரோ பதிவு செய்து, யாரோ பிரதி எடுத்து, யாரோ இன்டர்நெற்றில் ஏற்றிவிட்ட ஒலிநாடாக்கள்தான். அவற்றைக் கேட்டுக்கொண்டு போகப் போக ஒரு விஷயம் விளங்கியது. இந்தக் குழுவின் வரலாற்றை எழுதியது இசைக் கம்பனியோ பத்திரிகையோ இல்லை. பெரும்பாலும் ரசிகர்கள்தான். அந்தத் திகதிச் சண்டைகளும் வெட்டிப்பேச்சு இல்லை. எந்தச் சான்றை நம்புவது, எது தப்பிப் பிழைத்தது, ஏன் பிழைத்தது என்று வரலாற்றாசிரியர்கள் கேட்கிற அதே கேள்விகள்தான் அவற்றுக்குள்ளும் இருக்கின்றன.

ஸ்ரூடியோவுக்குள் அடங்காத குழு

1965இல் கலிபோர்னியாவின் பாலோ அல்ற்றோ பகுதியில் ‘வோர்லொக்ஸ்’ என்ற பெயரில் தொடங்கிய குழு இது. ஜெரி கார்சியா, பொப் வியர், பில் லெஷ், பில் குறொய்ற்ஸ்மன், ‘பிக்பென்’ என்று எல்லோரும் கூப்பிட்ட றொன் மக்கேர்னன் ஆகிய ஐந்து பேர். அந்த வருடம் முடிய முதலே பெயர் ‘கிரேட்புல் டெட்’ ஆனது. பிறகு மிக்கி ஹார்ட் இரண்டாவது ட்ரம்ஸ்காரராகச் சேர்ந்தார். றொபேர்ட் ஹன்ரர் மேடை ஏறாமலே பாட்டுகளை எழுதிக் கொடுத்தார். 1995 வரை 30 வருடங்களில் 2,300க்கும் அதிகமான கச்சேரிகள்.

இவர்கள் கச்சேரியை முன்கூட்டியே வரிசைப்படுத்தி வைத்து வாசித்தவர்கள் இல்லை. இன்றைக்கு வாசித்த பாட்டு நாளைக்கு வராது. வந்தாலும் வேறு மாதிரி வரும். ஒரு பாட்டு முடியாமலே இன்னொன்றுக்குள் வழுக்கிப் போகும். சில இரவுகளில் அது அற்புதமாக அமையும். சில இரவுகளில் ஒருவரை ஒருவர் தவறவிட்டு, சுருதியும் போய், பார்க்கவே பாவமாக இருக்கும். ஆகவே “அந்தப் பாட்டு நல்லம்” என்று இவர்களைப் பற்றிச் சொல்ல முடியாது. “அந்தப் பாட்டு அந்த இரவில் நல்லம்” என்றுதான் சொல்லலாம்.

1970இல் வந்த ‘வேர்க்கிங்மன்ஸ் டெட்’, ‘அமெரிக்கன் பியூட்டி’ ஆகிய இரண்டும் அருமையான ஸ்ரூடியோ இசைத்தட்டுகள். அதை மறுக்க மாட்டோம். ஆனால் அவற்றை மட்டும் கேட்டுவிட்டு இந்தக் குழுவைத் தெரியும் என்று சொல்வது, ஒருவரின் அடையாள அட்டைப் படத்தைப் பார்த்துவிட்டு ஆளைத் தெரியும் என்று சொல்வது மாதிரி.

மைக் தூக்கிய ரசிகர்கள்

ஒவ்வொரு இரவும் வேறு என்றால், போக முடியாதவர்கள் என்ன செய்வார்கள்? போனவர்கள் பதிவு செய்யத் தொடங்கினார்கள். 70களின் தொடக்கத்திலேயே மைக்கையும் ரெக்கோடரையும் உடுப்புக்குள் ஒளித்துக்கொண்டு உள்ளே போனவர்கள் இருந்தார்கள். நியூயோர்க்கில் கசெற் பரிமாற்றத்துக்கென்றே ஒரு வட்டம் உருவானது. அதிலிருந்து 1974இல் ‘டெட் ரெலிக்ஸ்’ என்ற சின்னச் சஞ்சிகை வந்தது. “என்னிடம் இந்தத் திகதி இருக்கு, உங்களிடம் எது இருக்கு?” என்று கேட்கிறவர்கள் சந்திக்கும் இடம் அது.

அந்த வட்டத்தில் ஒரு எழுதாத சட்டம் இருந்தது. கசெற்றை விற்கக் கூடாது. மாற்றிக்கொள்ளலாம். மாற்றக் கையில் ஒன்றும் இல்லாத புது ஆளென்றால், வெறும் கசெற்றையும் தபால் செலவையும் அனுப்பினால் போதும், இருப்பவர் பதிவு செய்து திருப்பி அனுப்புவார். காசு பார்க்க வெளிக்கிட்டவரோடு மற்றவர்கள் கதைக்க மாட்டார்கள்.

குழுவும் இதைத் தடுக்கவில்லை. வாசித்து முடித்த பிறகு இசை கேட்டவர்களுக்குச் சொந்தம் என்பதுதான் கார்சியாவின் நிலைப்பாடு. ஆனால் நடைமுறையில் சிக்கல் வந்தது. ஒலிப்பொறியாளரின் மேசைக்கு முன்னால் மைக் கம்பங்கள் காடு மாதிரி வளர்ந்து மேடையை மறைத்தன. அதனால் 1984 ஒக்டோபரில் பேர்க்லியில் நடந்த கச்சேரிகளில், பதிவு செய்பவர்களுக்கென்று அந்த மேசைக்குப் பின்னால் தனி இடம் ஒதுக்கப்பட்டது. அவர்களுக்குத் தனி ரிக்கெற். மற்றக் குழுக்கள் வாசலில் பை சோதித்து ரெக்கோடரைப் பறித்த காலத்தில் இவர்கள் ரெக்கோடர்காரருக்குக் கதிரை போட்டுக் கொடுத்தார்கள்.

இந்தப் பதிவுகளைக் கேட்கத் தொடங்கினால் சில சொற்கள் பழகவேண்டும். ஒலிப்பொறியாளரின் மேசையிலிருந்து நேராக எடுத்தது ‘சவுண்ட்போர்ட்’. சபைக்குள் மைக் வைத்து எடுத்தது ‘ஓடியன்ஸ்’. முதலாவதில் ஒவ்வொரு வாத்தியமும் சுத்தமாகக் கேட்கும், ஆனால் சனத்தின் சத்தம் தூரத்தில் எங்கேயோ கிடக்கும். இரண்டாவதில் மண்டபமே கேட்கும். கைதட்டல், விசில், பக்கத்துக் கதிரைக்காரரின் இருமல் எல்லாம் வரும். இரண்டையும் ஒன்றாகச் சேர்த்தால் ‘மேற்றிக்ஸ்’.

கசெற்றிலிருந்து கசெற்றுக்குப் பிரதி எடுக்க எடுக்க இரைச்சல் கூடும். அதனால் ஒரு கசெற் எத்தனையாவது தலைமுறைப் பிரதி என்று உறையில் எழுதி வைப்பார்கள். 90 நிமிடக் கசெற்றில் ஒரு பக்கம் 45 நிமிடம்தான். கார்சியா நன்றாகச் சூடேறி வாசிக்கும்போது பக்கம் மாற்றவேண்டி வந்தால் அந்த இடம் வெட்டுப்படும். அந்தத் துண்டு இன்னொருவருடைய பதிவில் இருக்குமா என்று வருடக்கணக்காகத் தேடியவர்கள் உண்டு. பழைய ஏட்டுச்சுவடியில் செல்லரித்த இடத்தை இன்னொரு பிரதியை வைத்து நிரப்புகிற அதே வேலைதான்.

1987இல் ‘டெட்பேஸ்’ என்று ஒரு புத்தகம் வந்தது. எந்தத் திகதியில் எந்த ஊரில் எந்தப் பாட்டுகள், எந்த வரிசையில் என்ற விபரங்களின் தொகுப்பு. அதைச் செய்ததும் ரசிகர்கள்தான்.

மே 8 பற்றிய தீராத சண்டை

திகதிச் சண்டைகளில் மிகப் பெரியது 1977 மே 8. இடம் நியூயோர்க் மாநிலத்தின் இதாக்கா நகரில் உள்ள கோர்னெல் பல்கலைக்கழகத்தின் பார்ட்டன் மண்டபம். கச்சேரி முடிந்து வெளியே வந்தபோது மே மாதத்திலும் பனி கொட்டியது என்று வந்தவர்கள் இன்றைக்கும் சொல்வார்கள். இரண்டாம் பாதியில் ‘ஸ்கார்லெற் பிகோனியாஸ்’ என்ற பாட்டு ‘ஃபயர் ஒன் த மௌன்ரன்’ என்ற பாட்டுக்குள் இறங்கிப் போகிற இடத்தைக் கேளுங்கள். எங்கே ஒன்று முடிந்து மற்றது தொடங்கியது என்று பிடிக்கவே முடியாது.

“இதுதான் இவர்களின் ஆகச் சிறந்த கச்சேரி” என்கிறது ஒரு கூட்டம். மறுகூட்டம் விடாது. “அடுத்த நாள் பஃபலோவில் வாசித்ததைக் கேட்டனீங்களா? முதல் நாள் பொஸ்ரனில் வாசித்ததை? கோர்னெல் பிரபலமானதுக்குக் காரணம் இசை இல்லை, பதிவு. அவ்வளவு தெளிவான பதிவு எல்லாருடைய கைக்கும் போய்ச் சேர்ந்தது, அவ்வளவுதான்.” மூன்றாவது கூட்டம் ஒன்றும் இருக்கு. அந்தக் கச்சேரி நடக்கவே இல்லை, எல்லாம் கட்டுக்கதை என்று பகிடிக்குச் சொல்லித் திரிகிற கூட்டம்.

எங்களுக்கு இந்த இரண்டாவது கூட்டத்தின் வாதம்தான் மண்டைக்குள் நின்றது. ஒரு இரவு புகழ்பெற இரண்டு விஷயம் நடக்கவேண்டும். நன்றாக வாசிக்கவேண்டும். அதை யாராவது நன்றாகப் பதிவு செய்து, அது அழியாமல் கைமாறவேண்டும். 1965இல் வோர்லொக்ஸ் மென்லோ பார்க்கில் ஒரு பீட்சாக் கடையில் வாசித்தார்கள். அந்த இரவுகளை வைத்து யாரும் சண்டை பிடிப்பதில்லை. சண்டை பிடிக்கப் பதிவு வேண்டுமே. ஒலிநாடா இல்லாத இரவுக்கு ரசிகர்களின் வரலாற்றில் கதிரை கிடைப்பதில்லை.

பெற்றி கான்ரர்-ஜாக்சன்

அப்படியானால் கோர்னெல் இரவைப் பதிவு செய்தது யார்? பெற்றி கான்ரர்-ஜாக்சன் என்ற பெண் ஒலிப்பொறியாளர்.

ஆண்கள் நிறைந்திருந்த ஒரு தொழிலில், 60களின் கடைசியிலிருந்து இந்தக் குழுவோடு வேலை செய்தவர் அவர். ‘லைவ்/டெட்’ பதிவிலும் அவருடைய கை இருக்கிறது. சபைக்குப் போகிற ஒலியை அப்படியே ஒலிநாடாவில் இறக்காமல், பதிவுக்கென்று தனியாக ஒலியைச் சமன் செய்து எடுப்பது அவருடைய முறை. அதனால்தான் அவருடைய 1977 பதிவுகளில் பில் லெஷின் பேஸ் நெஞ்சில் இடிக்கிறது. டொன்னா கொட்சோவின் குரலும் கீத் கொட்சோவின் பியானோவும் அவரவர் இடத்தில் நிற்கின்றன.

ஆனால் 80களில் அவர் குழுவின் வட்டத்துக்கு வெளியே போகவேண்டி வந்தது. கையில் காசில்லை. அவருடைய ஒலிநாடாக்கள் வாடகைக் களஞ்சியமொன்றில் கிடந்தன. வாடகை கட்ட முடியாமல் போனபோது, 1986இல் களஞ்சியத்தில் இருந்தவை ஏலத்தில் விடப்பட்டன. ஆயிரம் மணித்தியாலத்துக்கும் அதிகமான இசை அந்நியர்களின் கைக்குப் போனது. வாங்கியவர்களில் சிலருக்குத் தாங்கள் வாங்கியது என்னவென்றே முழுதாகத் தெரியாது. சில ஒலிநாடாக்கள் ஈரத்தில் கிடந்து பழுதாகின. ரசிகர்கள் தேடிப் போய், வாங்கியவர்களோடு கதைத்து, பழுதானவற்றைப் பொறுமையாகத் திருத்திப் பிரதி எடுத்துப் பரப்பினார்கள். அவற்றுக்கு அவர்கள் வைத்த பெயர் ‘பெற்றி போர்ட்ஸ்’.

யோசித்துப் பாருங்கள். குழுவிடம் அவை இல்லை. இசைக் கம்பனியிடமும் இல்லை. பதிவு செய்த பெண்ணின் கையிலும் இல்லை. அந்த இரவைக் காப்பாற்றியது ரசிகர்கள். 2012இல் அமெரிக்கக் காங்கிரஸ் நூலகம், நாட்டின் பாதுகாக்கப்படவேண்டிய ஒலிப்பதிவுகளின் பட்டியலில் கோர்னெல் கச்சேரியைச் சேர்ப்பதாக அறிவித்தது. அப்போதுகூட அந்தப் பதிவை எந்தக் கடையிலும் முறைப்படி வாங்க முடியாது! மூல ஒலிநாடாக்கள் குழுவின் களஞ்சியத்துக்குத் திரும்பி, அதிகாரபூர்வமாக வெளிவந்தது 2017 மே மாதத்தில்தான். வாசித்து 40 வருடங்கள் கழித்து.

இந்தக் கதையை ரசிகர்களின் வெற்றிக்கதையாக மட்டும் சொல்லி முடித்தால் பிழை. ‘பெற்றி போர்ட்ஸ்’ என்ற பெயர் எல்லார் வாயிலும் இருந்த காலத்தில் அந்தப் பெற்றி வாடகைக்குக் கஷ்டப்பட்டவர். ஒலிநாடாவைக் கொண்டாடியவர்களில் எத்தனை பேர் அதைச் செய்த ஆளைத் தேடினார்கள்? பெயர் பிழைத்ததும் ஆள் பிழைத்ததும் ஒன்றல்ல.

ஒலிநாடா பொய் சொல்லாது

ரசிகர்களின் பதிவுகளுக்கு இன்னொரு குணம் இருக்கு. இசைக் கம்பனி நல்லதைத் தெரிந்து எடுக்கும். ரசிகர் எல்லாவற்றையும் எடுப்பார், வீழ்ச்சியையும் சேர்த்து.

1974இல் ஓஸ்லி ஸ்ரான்லியும் கூட்டாளிகளும் ‘வோல் ஒப் சவுண்ட்’ என்ற இராட்சத ஒலியமைப்பைக் கட்டினார்கள். ஏறத்தாழ 600 ஸ்பீக்கர்கள், 75 தொன் எடை. பாடுபவர்களுக்குப் பின்னாலேயே ஸ்பீக்கர்கள் நின்றதால், இரைச்சலைத் தவிர்க்க ஒவ்வொருவருக்கும் இரண்டிரண்டு மைக் வைத்தார்கள். ஒன்றில் கேட்பதை மற்றது கழிக்கும். அந்த வருடத்துச் சவுண்ட்போர்ட் பதிவுகளில் குரல்கள் மெலிந்து கேட்பது அதனால்தான். இதைப் புத்தகம் படித்துத்தான் தெரிந்துகொள்ளவேண்டும் என்றில்லை. 1973, 1974 பதிவுகளை அடுத்தடுத்துக் கேட்டால் காதே சொல்லும்.

கார்சியாவின் உடம்புக்கும் இதே கதைதான். ஹெரோயின் பழக்கம், நீரிழிவு, 1986இல் நினைவிழந்து கிடந்த நாட்கள். அதிலிருந்து எழும்பி, திரும்பவும் கிற்றார் பழகி மேடைக்கு வந்தார். 1987இல் ‘ரச் ஒப் கிரே’ அவர்களுக்கு முதல் தடவையாக அமெரிக்க முதல் பத்துக்குள் இடம் வாங்கிக் கொடுத்தது. 1989, 1990 பதிவுகளில் ஒரு புது உற்சாகம் கேட்கும். 1990இல் கீபோர்ட் வாசித்த பிரென்ற் மிட்லண்ட் இறந்தார். 1994, 1995 பதிவுகளைக் கேட்பது கஷ்டம். கார்சியா வரிகளை மறக்கிறார், விரல்கள் பிந்துகின்றன. கடைசிக் கச்சேரி 1995 ஜூலை 9, சிக்காகோ. ஒரு மாதம் கழித்து ஓகஸ்ட் 9ஆம் திகதி, 53 வயதில் போய்ச் சேர்ந்தார்.

அந்தக் கடைசி வருடப் பதிவுகளைக் கேட்கவேண்டுமா என்று ரசிகர்களுக்குள் இன்றைக்கும் விவாதம் நடக்கும். “அவர் அப்படி ஞாபகத்தில் இருக்கக் கூடாது” என்பவர்கள் ஒரு பக்கம். “அந்த நிலையிலும் சனம் ஆர்ப்பரித்ததே, அதையும் கேட்கவேண்டும், அதில் எங்களுக்கும் பங்கிருக்கு” என்பவர்கள் மறுபக்கம். நாங்கள் இரண்டாவது பக்கம். நேசிக்கிற ஆளின் வரலாற்றில் வசதியான பக்கங்களை மட்டும் வைத்திருப்பது நேசம் இல்லை.

யாருடைய சொத்து?

கார்சியா இறந்த பிறகும் கசெற்றுகள் நிற்கவில்லை, இணையத்துக்கு ஏறின. இன்டர்நெற் ஆர்க்கைவ் என்ற இணைய நூலகத்தில் ஆயிரக்கணக்கான கச்சேரிகள் சேர்ந்தன. 2005 நவம்பரில் திடீரென்று அவற்றைத் தரவிறக்க முடியாமல் போனது. குழுவின் தரப்பிலிருந்து வந்த வேண்டுகோள்தான் காரணம். ரசிகர்கள் கொதித்தார்கள், மனு எழுதினார்கள், இனிக் குழுவின் பொருட்களை வாங்க மாட்டோம் என்றார்கள். பில் லெஷ் தனக்கே இது முன்கூட்டித் தெரியாது என்றார். சில நாட்களில் ஒரு சமரசம் வந்தது. ரசிகர்கள் எடுத்த பதிவுகளைத் தரவிறக்கலாம். சவுண்ட்போர்ட் பதிவுகளை அங்கேயே இருந்து கேட்க மட்டும் செய்யலாம்.

வாசித்தவர்களும் சாப்பிடவேண்டும், அவர்களின் பிள்ளைகளும் சாப்பிடவேண்டும் என்ற நியாயத்தை நாங்கள் தட்டிக்கழிக்கவில்லை. ஆனால் 30 வருடமாக ஒரு சதம் வாங்காமல் பிரதி எடுத்து, திகதி சரிபார்த்து, பிழை திருத்திய மனிதர்களுக்கும் அந்த இசையில் ஒரு பங்கு இருக்கிறது. குழுவுக்கும் அது தெரியாமல் இல்லை. 80களில் தங்களுடைய ஒலிநாடாக் களஞ்சியத்தைப் பார்த்துக்கொள்ள அவர்கள் வேலைக்கு எடுத்தது டிக் லட்வாலா என்ற பழைய கசெற் சேகரிப்பாளரைத்தான். 1993இல் அவர் தெரிவு செய்த கச்சேரிகள் ‘டிக்ஸ் பிக்ஸ்’ என்ற வரிசையாக வரத் தொடங்கின. பழைய ஒலிநாடாதான், குறைகள் இருக்கும் என்று வாங்குபவர்களை எச்சரிக்கிற குறிப்பும் அவற்றில் இருந்தது. விற்கிற பொருளின் மேலேயே அதன் குறையை அச்சடிக்கிற துணிவு ஒரு ரசிகருக்குத்தான் வரும்.

தொடங்குகிறவர்களுக்கு

புதிதாகக் கேட்கப்போகிறவர்களுக்கு மூன்று இரவுகள் சொல்கிறோம். 1969 பெப்ரவரி 27, சான் பிரான்சிஸ்கோ. ‘லைவ்/டெட்’டின் 23 நிமிட ‘டார்க் ஸ்டார்’ பிறந்த இரவு. 1972 ஓகஸ்ட் 27, ஒரேகன் மாநிலத்தின் வெனீற்றா. ஒரு பாற்பண்ணையைக் கடனிலிருந்து காப்பாற்ற, கொளுத்துகிற வெயிலில் வாசித்தது. அங்கே ‘டார்க் ஸ்டார்’ அரை மணித்தியாலத்தையும் தாண்டிப் போகும். பிறகு 1977 மே 8. கேட்டுவிட்டு எங்களோடு சண்டைக்கு வாருங்கள்.

சவுண்ட்போர்டோடு நின்றுவிடாமல் ஒரு ஓடியன்ஸ் பதிவையும் கேளுங்கள். பாட்டுக்கும் பாட்டுக்கும் நடுவில் மேடையில் கிற்றாரைச் சுருதி சேர்ப்பார்கள், நேரம் எடுக்கும். அந்த இடைவெளியில் மைக்குக்குப் பக்கத்தில் யாரோ கதைப்பார்கள். யாரோ சிரிப்பார்கள். தனக்குப் பிடித்த பாட்டின் பெயரைச் சொல்லி யாரோ தொண்டை கிழியக் கத்துவார். அவருடைய பெயர் எந்தப் புத்தகத்திலும் இல்லை. இப்போது அவருக்கு எழுபது வயது தாண்டியிருக்கும், அல்லது உயிரோடே இல்லாமல் இருக்கலாம். நாங்கள் அந்த இடத்தைத் தள்ளிவிட்டுப் போவதில்லை. அவர் கேட்ட பாட்டை அன்றைக்கு வாசித்தார்களா என்று தெரிய கசெற்றின் மற்றப் பக்கத்தையும் கேட்கவேண்டும்.